ஓட்டல் எண்ணெயும் ஒரு வாளிக் கொழுப்பும்

இன்று காலை மணவாள நகர் ஓட்டலில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டலுக்குப் பின்வீட்டு அக்கா ஒரு வாளி நிறையக் கறுத்த கொழுப்போடு உள்ளே வந்தார்.

"உன் எண்ணெ சாக்கடைய அடைச்சுக்கினு என் ஊட்டு சமையக்கட்டுல ஏறுது. எண்ணெ புடிக்கிற தொட்டி கட்டுன்னு நகராட்சியில சொன்னாங்களே, இன்னா பண்ண?"

முதலாளி அவரைப் பிடித்துத் தள்ளினார். மேசை முனையில் மோதி அக்காவின் நெற்றி கிழிந்தது.

அக்கா எழுந்து, வாளியை முதலாளி தலையில் கவிழ்த்தார். முதலாளி இரும்புக் கரண்டியை ஓங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் பாய்ந்து அவர் கையை முறுக்கிப் பிடித்தோம். எனக்கும் உதட்டில் ஒரு குத்து.

அக்காவுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். மதியமே நகராட்சி ஆட்கள் வந்து ஓட்டலின் கழிவுக் குழாயை அடைத்துவிட்டார்கள்.

உங்கள் தெரு ஓட்டலில் தொட்டி இருக்கிறதா, இல்லை இன்னும் யார் மண்டையும் உடையவில்லையா?