மாமாவுக்குத் தொட்டில் கட்டிய நாள்

என் தாய்மாமன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. மாமாவுக்கு அப்போதே முறுக்கிவிட்ட மீசை இருந்தது, கல்யாணமும் ஆகியிருந்தது. இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தொட்டில் கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

மாவலிபுரத்துக்கு வடக்கே, கடற்கரைக் கோயிலின் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் குப்பம் இருந்தது. ஐம்பதுகளில் அங்கே நாற்பது ஐம்பது குடிசைகள் இருந்தால் அதிகம். அப்பாவும் மாமாவும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போவார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு விடியற்காலையில் போனவர்கள் திரும்பவில்லை. போன கொஞ்ச நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. அது அடங்கிய பிறகு அவர்களுடைய துடுப்பு மட்டும் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கரையில் ஒதுங்கியிருந்தது.

ஊர் பல நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, வைக்கோலில் இரண்டு ஆள் செய்து காரியத்தை முடித்தது. உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் வழக்கம் அதுதான். அப்பாவின் வைக்கோல் ஆளுக்கு அவருடைய தலைப்பாகையைக் கட்டினார்கள். மாமாவின் ஆளுக்குச் சட்டை கேட்டபோது, நல்ல சட்டையைத் தரமாட்டேன் என்று அவருடைய மனைவியான என் அத்தை அழுதுகொண்டே சண்டை பிடித்தாள். கடைசியில் ஒரு கிழிசல்தான் கிடைத்தது. துக்க வீட்டில் என்ன பிடிவாதம் இது என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா எதற்கும் சண்டை பிடிக்கவில்லை. கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுவாரமே மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அம்மாவைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் வாயால் அப்பாவின் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். கழுக்குன்றம் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டாலும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டாலும், அம்மா என் விலாவில் ஒரு இடி இடிப்பாள். நான் கணீரென்று சொல்லுவேன். அது என்னுடைய உத்தியோகம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பங்குனி மாதம் ஒரு காலைநேரம், மீன்கூடையோடு கழுக்குன்றம் போக மாவலிபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ் நின்றது. முதலில் இறங்கிய ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார், மொட்டை அடித்து முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. மீசையை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். மாமா.

"எக்கா, நான்தான். உசுரோடதான் கீறேன்" என்று அவர் அம்மாவின் காலில் விழுந்தார். அம்மா குனியவில்லை. அவருடைய முதுகுக்கு மேலாகப் பஸ்ஸின் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் இறங்கினார். ஆட்டுக்குட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. "ஏறப் போறியா இல்லியாம்மா?" என்று கண்டக்டர் கத்தியபிறகுதான் அவள் கண்ணை எடுத்தாள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு மாமாவைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அன்றைக்கு மீன் விற்கவில்லை.

குப்பத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பின. அத்தை ஓடிவந்தாள். ஆனால் மாமா தன் வீட்டு வாசலுக்குள் கால் வைக்கும் முன்னே நாட்டாமை குறுக்கே வந்து நின்றுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுவது தன் தலைமேல் விழுந்த பொறுப்பு என்று நினைத்தவர்.

"காரியம் பண்ணி முட்ச்சிட்டோம்பா. சாமிக்கும் சொல்லியாச்சி, கடலுக்கும் சொல்லியாச்சி. இப்ப நீ யாருன்னு அதுங்களுக்கு எப்டித் தெரியும்? முறையா மறுபடியும் பொறந்துட்டு வூட்டுக்குள்ள போ" என்றார்.

இதை ஊரில் ஒருவரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. காரியம் முடிந்தவன் பழைய பெயரோடு கடலில் இறங்கினால் கடல் அவனை மறுபடியும் கூப்பிட்டுக்கொள்ளும், கூட வருகிறவனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. எனவே புதிதாகப் பிறந்து, தொட்டிலில் கிடந்து, புதுப்பெயர் வைத்துக்கொள்ளாமல் மாமாவோடு எவனும் கட்டுமரம் ஏறமாட்டான். அத்தையோடு குடித்தனம் நடத்தவும் முடியாது. அதுவரை மாமா கரையில் வலைக்கொட்டகையில் கிடந்தார். அத்தை சோறும் மீன்குழம்பும் என்னிடம் கொடுத்தனுப்புவாள். மாமா வழித்து நக்கிச் சாப்பிடுவார். "செத்தவன் துன்றதப் பாரு" என்று அவருடைய கூட்டாளிகள் தூர நின்று கேலி செய்வார்கள். "என் வைக்கோல் ஆளு நல்லா இருந்திச்சா பாப்பா? மீச வெச்சாங்களா?" என்று மாமா என்னைக் கேட்டார். வைக்கவில்லை என்றேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

நடந்ததை அவர் அம்மாவிடம் சொன்னது வந்து இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம். நானும் கூட இருந்தேன்.

"கயிறு அறுந்து கட்டைங்க தனித்தனியாப் பிரிஞ்சிப் போச்சிக்கா. எனக்குக் கை ஒடஞ்சி நீஞ்ச முடியல. மச்சான்தான் பெரிய கட்ட மேல என்னைப் படுக்க வெச்சி கயித்தால சுத்தினாரு. 'நீ இப்டியே கெட, நான் போயி அந்தக் கட்டையப் புடிச்சினு வரேன்'னு நீஞ்சிப் போனாரு. அதுக்கப்பறம் நான் பாக்கல."

ஏதோ ஒரு தோணிக்காரர்கள் அவரைத் தூக்கி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கை கூடி, காய்ச்சல் தெளிந்து, கப்பலேறி தனுஷ்கோடிக்கு வந்து, ரயில் பிடித்து வர இத்தனை மாதம் ஆகிவிட்டது. யாரிடமாவது சொல்லி ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா என்று அம்மா கேட்கவில்லை. அவரே சொன்னார்: "தபால் எழுதச் சொல்லி ஒக்காருவேன். உனக்கு இன்னான்னு எழுதச் சொல்றது, எக்கா?"

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீஞ்சிப் போகச்சொல்ல திரும்பிப் பாத்தாரா?"

"பாத்தாருக்கா."

எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரே குஷி. மாமாவைவிட அப்பா நன்றாக நீந்துவார் என்பது ஊருக்கே தெரியும். கை ஒடிந்த மாமாவே வந்துவிட்டார் என்றால், கட்டையைப் பிடிக்கப்போன அப்பா வராமல் எங்கே போவார்? அடுத்த பஸ்ஸிலோ அதற்கு அடுத்த பஸ்ஸிலோ வந்துவிடுவார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தொட்டிலுக்கு நாள் குறித்தபோதுதான் சிக்கல் வந்தது. பிறக்கிற பிள்ளைக்குத் தாய் வேண்டும். மாமாவைப் பெற்றவள் அவர் தவழ்கிற வயதிலேயே போய்விட்டாள். தாலி கட்டிய ஒரு பெண் தாய் ஸ்தானத்தில் நிற்கட்டும் என்றார் நாட்டாமை. மாமா முடியாது என்றுவிட்டார். "என்னை வளத்தது எங்க அக்கா. அவ கையால தொட்டில்ல போட்டா வரேன். இல்லன்னா கொட்டாயிலயே கெடந்து சாவறேன்." அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நல்ல காரியத்தில் அம்மா முன்னால் வரலாமா என்று ஊர் முணுமுணுத்தது. அம்மா கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள். "புள்ள பெக்கச்சொல்ல பெத்தவ நெத்தியில பொட்டு கீதான்னு எவனாச்சும் பாத்துகினு இருந்தானா?" என்று கேட்டாள். நாட்டாமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி, ஆகட்டும் என்றார்.

மீசைக்காரரைச் சேலையில் போட்டால் சேலை தாங்காது. கொட்டகையின் இரண்டு சவுக்குத் தூண்களுக்கு நடுவே பெரிய வலையைக் கட்டி, அதற்குள் அம்மாவின் சேலையை விரித்து மாமாவைப் படுக்க வைத்தார்கள். முழங்கால் ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம் என்று வலையில் விழுந்த சுறா மாதிரி கிடந்தார். அம்மா வெல்லத் தண்ணீரைத் தொட்டு அவர் நாக்கில் வைத்தாள். யாரோ, "அழுவுடா, பொறந்த கொயந்த அழுவணும்டா" என்று கத்தினார்கள். மாமா 'ங்ஙே' என்று அழுதார். குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபிறகும் மாமா மட்டும் நிறுத்தவில்லை. அவர் நன்றாக நடிக்கிறார் என்று நான் கைதட்டினேன். இனிமேல் அவர் அம்மாவுக்குப் பிள்ளை, எனக்குத் தம்பி. என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவர் காதில் போய்ச் சொல்லியும் வைத்தேன்.

"பேரச் சொல்லு தாயீ" என்றார் நாட்டாமை.

அம்மா குனிந்தாள். மாமாவின் காதில் மூன்று முறை ஒரு பெயரைச் சொன்னாள். மெல்லத்தான் சொல்ல வேண்டும். அவள் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். அது என் அப்பாவின் பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரைச் சொல்வது என் வேலை. விலாவில் இடிக்க மறந்து, வாய் தவறிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாம்மா இது? அதுவும் கடலு எடுத்துக்கினு போன பேராச்சே" என்றார் நாட்டாமை.

"நான் ஆளத்தான் குடுத்தேன். பேரக் குடுக்கல. பேரு எனக்கு வோணும்" என்றாள் அம்மா.

அத்தைதான் முதலில் வந்து தொட்டிலை ஆட்டினாள். காலையில் பிறந்த பிள்ளை அன்று மத்தியானமே அந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தைக்கு மறுபடியும் தாலி கட்டியது. பிறகு வந்த அமாவாசை கழித்து, கூட இரண்டு பேரோடு மரம் ஏறிக் கடலுக்கும் போனது. கரையைத் தாண்டும்போது மாமா இரண்டு கையாலும் மரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனாலும் போனார். போகாமல் என்ன செய்வது, எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே.

அதிலிருந்து குப்பத்தில் ஒரு தலைகீழ் மாற்றம். அந்தப் பெயரை அத்தை சொல்லக்கூடாது. அம்மா எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், அவளுடைய பிள்ளை பெயர்தானே. சாப்பிடக் கூப்பிடுவாள், தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவாள், ஒன்றும் இல்லாததற்கும் கூப்பிடுவாள். அப்பா வந்தால் அவருக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒருநாள் கேட்டேன். "வரட்டும். நீயே வையி" என்றாள். நானும் நல்ல பெயராக இரண்டு மூன்று யோசித்து வைத்திருந்தேன்.

அடுத்த ஐப்பசியில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு, அம்மா தண்ணீர் ஓரத்தில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காற்று என்பதால் அன்று எந்த மரமும் கடலுக்குப் போகவில்லை. நான் ஓடிப்போய், "மாமா வூட்லதான் கீது. கஞ்சி குட்ச்சிகினு கீது" என்றேன். "தெரியும்" என்றாள் அம்மா. கடலைப் பார்த்து இன்னொரு முறை கூப்பிட்டாள்.

சரி, அவசரம் போலிருக்கிறது என்று அத்தை வீட்டுக்கு ஓடி, "மாமா, அம்மா உன்னக் கூப்டுது" என்றேன். மாமா கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். கரையில் நிற்கிற அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னை இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேறு யாரை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரில் எங்கள் குப்பத்தில் அப்போது வேறு யாரும் இல்லை.