குருசுமுத்து நமீபியாவுக்கு வேட்டைக்குப் போனது

குருசுமுத்து வேட்டைக்காரரானது துப்பாக்கி ஆசையால் அல்ல, சங்க ஆசையால். டென்மார்க்கில் ஒருவருக்கு நாலு சிநேகிதர் வேண்டுமென்றால் ஏதாவதொரு சங்கத்தில் சேரவேண்டும். தான் வாழும் ரண்டர்ஸ் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் அவர் முன்பு செயலாளராக இருந்தவர்தான். அது இரண்டாக உடைந்து, ஊரில் இரண்டு பொங்கல் விழா, இரண்டு கிறிஸ்துமஸ் ஒளிவிழா என்று ஆனபோது, ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கம் கோபிக்கும் என்று பயந்து இரண்டு பக்கமும் போகாமல் விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு ஃபிளெமிங் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எங்கள் வேட்டைச் சங்கத்தில் சேரேன், குருஸ். அங்கே சண்டையே கிடையாது. எல்லார் கையிலும் துப்பாக்கி இருப்பதால்."

ஃபிளெமிங் குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; அந்தச் சங்கத்தின் தலைவர். குருசுமுத்து மன்னாரிலிருந்து இளவயதில் வந்து, பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தே தலை நரைத்தவர். வகுப்புக்குப் போய், பறவைகளினதும் மிருகங்களினதும் டேனிஷ் பெயர்களையெல்லாம் பாடமாக்கி, அனுமதிக்கான சோதனையில் தேறினார்.

"கிழமை முழுக்கப் பண்டியை வெட்டிப்போட்டு, சனிக்கிழமையில மான் சுடப் போறியளோ?" என்று கேட்டதோடு மனைவி மேரிசெலின் நிறுத்திக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். வயது போனவர்களின் புதுப்புது ஆசைகள் அவளுக்குப் பழக்கம். மகள் தர்ஷனா அப்படி விடவில்லை. ஆர்ஹூஸில் உயிரியல் படிப்பவள், இறைச்சி தொடாதவள். பொழுதுபோக்குக்காகச் செய்யும் கொலை என்று டேனிஷில் சொன்னாள். அந்த வீட்டில் அவளுடைய கோபம் எப்போதும் டேனிஷில்தான் வரும்.

இருவரும் வீணாகக் கவலைப்பட்டார்கள். அவர் அதுவரை சுட்டதெல்லாம் பயிற்சித் திடலில் எறிகிற களிமண் தட்டுகளைத்தான். புது ஆள் என்பதால் மான் எட்டிப்பார்க்காத மூலையிலேயே அவரை நிறுத்துவார்கள். அவரும் செபமாலை சொல்லிக்கொண்டு நிற்பார். வேட்டை முடிந்தபின் குடிக்கிற சூப்பும் அதோடு வருகிற கதையும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

சங்கத்தின் ஆண்டு விழாவில் லொத்தர் குலுக்கினார்கள். முதல் பரிசு நமீபியாவில் ஒரு கிழமை வேட்டை, சுடுவதற்கு ஓர் ஓரிக்ஸ். ஈட்டிபோல் நீண்டு நேரான கொம்புள்ள, மாட்டளவு மான் அது. பரிசை ஒழுங்குசெய்தவர் ஃபிளெமிங். கட்டுக்கட்டாகச் சீட்டு வாங்கியவரும் அவரே. குருசுமுத்து மரியாதைக்கு ஒன்று வாங்கினார். விழுந்தது அதற்கு.

ஃபிளெமிங் ஒரு மிடறு பியர் குடித்து மனதை ஆற்றிக்கொண்டு பேச எழுந்தார். "இதை வெறும் சுடுதல் என்று நினைக்கக்கூடாது. காட்டு மிருகத்தோடு வாழ்கிற சனத்துக்கு அந்த மிருகத்தால் ஒரு பலன் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நஞ்சு வைத்துவிடுவார்கள். நாங்கள் ஒரு கிழட்டு மிருகத்தைச் சுடுகிறோம். அந்தக் காசில் ஒரு காடே பிழைக்கிறது. அந்தச் சனங்களுக்கு வேண்டியதெல்லாம் பெரிய மிருகத்தோடு வாழ்வதற்குக் கொஞ்சம் பொறுமை."

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்ததாக, பக்கத்து ஊரில் ஆட்டைக் கடித்த ஓநாயை எப்படி ஒழிப்பது என்ற பேச்சை எடுத்தார்கள். அதில் பொறுமையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

நமீபியாவில் விடுதி வாசலில் குருசுமுத்து நின்றபோது, வேறு நாட்டிலிருந்து வேட்டைக்கு வந்திருந்த ஒரு தம்பதி தங்கள் துப்பாக்கிப் பெட்டியை அவரிடம் நீட்டினார்கள். தான் விடுதி வேலையாள் இல்லை என்று விளங்கப்படுத்துவதைவிடத் தூக்குவது சுலபமாகத் தெரிந்தது. தூக்கிக்கொண்டுபோய் அறையில் வைத்தார். விடியக் கோப்பி வேண்டும் என்றார்கள். அதையும் சமையலறையில் சொல்லிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தக் கணவர் சாப்பிட்டு முடியும்வரை டென்மார்க்கைப் புகழ்ந்துகொண்டேயிருந்தார்.

அங்கத்தைய காடு சுற்றுவட்டாரத்து ஊர்ச்சனத்தின் சபையுடைய பொறுப்பு. வருடாவருடம் மிருகங்களை எண்ணி, எதில் எத்தனை சுடலாம் என்று அளவு வைப்பார்கள். சபையின் காவலாளி எலியாஸ் குருசுமுத்துவோடு நடந்தார். மந்தையிலிருந்து விலகித் தனியே நின்ற ஓர் ஓரிக்ஸைக் காட்டி, "கிழம். பல் தேய்ந்துவிட்டது. அடுத்த வறட்சியில் பட்டினி கிடந்து சாகும்," என்றார்.

தொழிற்சாலையில் குருசுமுத்துவின் கைக்கு வரும்போது எதற்கும் முகம் இருந்ததில்லை. இதற்கு இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, யாரோ மினக்கெட்டு வரைந்த முகம். அது அவரைப் பார்த்தது. அவர் சுட்டார். அது முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. கைகுலுக்கினார்கள். கொம்பைப் பிடித்தபடி படம் எடுக்க வேண்டுமாம். படத்தில் அவர் செத்தவீட்டுக்கு வந்தவர்போலவே இருந்தார்.

இறைச்சி ஊருக்குப் போனது. பெண்கள் தாச்சிச் சட்டிகளோடு வந்தார்கள். சும்மா நிற்கத் தெரியாமல் குருசுமுத்துவும் ஒரு கத்தி வாங்கி எலியாஸுக்குப் பக்கத்தில் குந்தினார். இருவருக்கும் வந்த அரைகுறை ஆங்கிலம் அந்த வேலைக்குப் போதுமாயிருந்தது.

"உங்கள் நாட்டில் என்ன பெரிய மிருகம் இருக்கிறது?"

"ஓநாய்."

"எத்தனை?"

"நாடு முழுக்க ஐம்பது இருக்கலாம்."

எலியாஸின் கத்தி நின்றது. "ஐம்பதாயிரமா?"

"ஐம்பது."

"ஆட்களைக் கொல்கிறதா?"

"இல்லை. ஆட்டைக் கடிக்கும். அதற்கு அரசாங்கம் நட்டஈடு கொடுக்கும். என்றாலும் சனத்துக்குப் பயம்."

எலியாஸ் அதைப் பெண்களுக்கு மொழிபெயர்த்தார். ஒருத்தி தாச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எலியாஸ் சிரிக்கவில்லை.

"போன வருடம் யானை என் மச்சானை மிதித்துக் கொன்றது. சில பேர் வந்து, யானையைச் சுடக்கூடாது என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வேறு சில பேர் வந்து, ஒன்றிரண்டைச் சுட்டால்தான் மற்ற யானைகள் பிழைக்கும் என்றார்கள். காசு தந்தவர்கள் பிந்தி வந்த இவர்கள்தான், அதில் கிணறு வெட்டினோம். ஆனால் இரண்டு பக்கமும் கேட்டது யானையைப் பற்றித்தான்."

"மச்சானின் பெயர் என்ன?" என்று குருசுமுத்து கேட்டார்.

"பெட்ருஸ்," என்றார் எலியாஸ். பிறகு வெகுநேரம் பெட்ருஸைப் பற்றியே கதைத்தார்.

திரும்பி வந்ததும் சங்கத்தில் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குருசுமுத்து படங்களைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், பெட்ருஸைப் பற்றிச் சொன்னார். கடைசியில், எலியாஸ் சொல்லியனுப்பியதையும் ஒளிக்காமல் ஒப்புவித்தார்.

"ஓநாய்க்குப் பயமென்றால் தன்னைக் கூப்பிடட்டுமாம். பொறுமை எப்படிப் பழகுவதென்று வந்து சொல்லித் தருவாராம்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார். ஃபிளெமிங்கின் கழுத்து சிவந்தது. "அது வேறு, குருஸ். இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது. அன்று சூப்பை எல்லாரும் கெதியாகக் குடித்தார்கள். அதற்குப் பிறகு பல கிழமைகள் வேலிக்கு மேலால் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்தது வேறு. தர்ஷனா அப்பாவின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அதையே தன் ஆய்வுக்குத் தலைப்பாக எடுத்தாள். மாதக்கணக்கில் வாசித்தபின், ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அதிசயமாகத் தமிழிலேயே வாதாடத் தொடங்கினாள். "எல்லா இடத்திலயும் வேட்டை சரியெண்டு இல்லை அப்பா. காசு சனத்துக்குப் போகாத இடத்தில அது களவுதான். ஆனா உங்கட எலியாஸ்ட காட்டில வேட்டையை நிப்பாட்டினா, சனம் காட்டை வெட்டி மாட்டுப்பட்டி போடும். பிறகு ஆனையும் இல்லை, மானும் இல்லை."

"நான் இனிச் சுடமாட்டன் பிள்ளை," என்றார் குருசுமுத்து. "அந்த முகம் போகுதில்லை."

"நீங்கள் சுடவேண்டாம். வேற ஆரும் போய்ச் சுடட்டும்."

"இதைத்தான் ஃபிளெமிங்கும் ஓநாய் விசயத்தில சொல்லுறார். பொறுமையா இருக்கட்டும், வேற ஆரும்."

மேரிசெலின் இருவருக்கும் இன்னொரு அகப்பை சோறு போட்டு வாயை அடைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் ஃபிளெமிங்கின் தம்பியுடைய பண்ணையில் ஓநாய் இரண்டு ஆடுகளைக் கொண்டுபோனது. மறுநாள் காலை ஃபிளெமிங் வேலியோரம் வந்து நின்று, மண்ணைப் பார்த்தபடி, மின்வேலி போட ஒரு கை வேண்டும் என்றார். குருசுமுத்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் வரை இருவரும் கட்டை அடித்தார்கள், கம்பி இழுத்தார்கள்.

"உன்னுடைய எலியாஸ் என்ன செய்வார்?" என்று ஃபிளெமிங் கேட்டார்.

"அவர்கள் கயிற்றில் மிளகாய்த்தூளும் கிறீஸும் பூசி வயலைச் சுற்றிக் கட்டுவார்கள். யானை கிட்ட வராது."

ஃபிளெமிங் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஓநாய்க்கு?"

"தெரியாது. ஒருவரும் பூசிப் பார்க்கவில்லை."

"உன் மனைவியிடம் தூள் இருக்கிறதா?"

மேரிசெலின் வறுத்து இடித்த தூளில் ஒரு போத்தலைத் தந்தாள், என்னத்துக்கென்று கேட்கவுமில்லை. ஓநாய் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மின்சாரத்தாலா, தூளாலா என்பது சங்கத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆடுகள் மட்டும் கொஞ்சநாள் தும்மிக்கொண்டு திரிந்தன.