வளர்ற பிள்ளைக்கு வாங்கிய தூண்டில்

கருப்பண்ணன் தன் மகளுக்கு எது வாங்கினாலும் இரண்டு அளவு பெரியதாகத்தான் வாங்குவார். பாவாடை என்றால் கீழே இரண்டு மடிப்பு மடித்துத் தைத்திருக்கும். செருப்பு என்றால் முன்னால் துணி அடைத்திருக்கும். கேட்டால், "வளர்ற புள்ளைங்க" என்பார். எங்கள் எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் சிக்கனத்துக்காகச் செய்ததை அவர் ஒரு வேண்டுதல் மாதிரி செய்தார்.

மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் லாரி டிரைவராக இருந்தேன். அவர் அங்கே கவாத்து வெட்டுகிறவர். எந்தக் கிளையை விட்டால் அடுத்த வருஷம் காய்க்கும், எதைக் கழிக்க வேண்டும் என்று பார்த்து வெட்டுகிற வேலை. அதில் கெட்டிக்காரர். அந்தக் கண்ணோடேயே பிள்ளையையும் பார்த்தார் என்பதுதான் கொடுமை.

மகள் காவேரி தவழ்கிற வயதில் பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள். பெண்டாட்டியின் அக்கா ராசம்மாள் குழந்தையை அடிவாரத்துக் குப்பனூருக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். பள்ளிக்கூடத்து முழுப் பரீட்சை லீவுக்கு மட்டும் காவேரி மேலே வருவாள். அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டுதான் மனிதர் மற்ற மாதங்களைத் தள்ளினார். வந்த பிறகோ, இருவருக்கும் என்ன பேசுவது என்றே தெரியாது. "சாப்ட்டியா கண்ணு?" என்பார். "சாப்ட்டேனுங்க" என்பாள். அத்தோடு முடிந்தது பேச்சு. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து எனக்கு அவ்வளவுதான் கேட்கும்.

எண்பத்தொன்றாம் வருஷம் மே மாதம் முதலாளி பங்களாவுக்கு விருந்தாளியாக ஒரு பெங்களூர்க்காரர் வந்திருந்தார். அவரும் அவருடைய சின்னப் பெண்ணும் எஸ்டேட் குளத்தங்கரையில் ஆளுக்கொரு தூண்டிலோடு காலையெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். காவேரி சில்வர் ஓக் மரத்தடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து, "ஏனுங்கப்பா, நாமளும் அந்த மாதிரி உக்காரலாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவிடம் அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான்.

கருப்பண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை குளத்தில் மீன் பிடிக்க அனுமதி வாங்கினார். நான் சேலத்துக்கு லாரி எடுத்தபோது தாவி ஏறிக்கொண்டார்.

சேலம் கடைவீதியில் வலையும் கயிறும் தூண்டிலும் விற்கிற கடை ஒன்று உண்டு. மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறவர்கள் வந்து வாங்குவார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். "எந்தத் தண்ணிங்க? யாருக்குங்க?" என்று விசாரித்தார்.

"எஸ்டேட் குளமுங்க. எனக்கும் எம் புள்ளைக்கும்."

"முன்னப் பின்ன புடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

கடைக்காரர் மெல்லிய மூங்கில் குச்சி இரண்டை எடுத்து வைத்தார். சின்ன முள், மெல்லிசு நைலான் நரம்பு, ஆளுக்கொரு தக்கை. "குளத்து மீனுக்கு வாய் சின்னதுங்க. பாப்பாவுக்கு இதுதான் கை தாங்கும். நீங்களும் இதுலயே பழகுங்க."

கருப்பண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் சுவரில் சாத்தியிருந்த ஒரு பெரிய தூண்டில் மேல் இருந்தது. ரீல் மாட்டியது, அணைக்காரர்கள் வாங்குவது, என்னை விட உயரம். முள் ஒவ்வொன்றும் சாக்குத் தைக்கிற ஊசி கனம்.

"ஏனுங்ணா, புள்ளைக்கு வாங்கறீங்களா, பனைமரத்துக்கு வாங்கறீங்களா?" என்றேன்.

"வளர்ற புள்ள டிரைவரே. குச்சி ஒரு வருசத்துல ஒடிஞ்சு போயிரும். இது அவ கண்ணாலம் வரைக்கும் வரும்."

"ரெண்டாவது எடுக்கலீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு போதும். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் புடிச்சுக்குவோம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் என்ன பேசுவது? கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காவேரி அந்தத் தூண்டிலை இரண்டு கையாலும் தூக்கினாள். நுனி நேராகப் போய்த் தண்ணீரில் முங்கியது. மறுபடி தூக்கினாள், மறுபடி முங்கியது. அவர் வாங்கி வீசினார். முள் போய் மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. எடுத்து மறுபடி போட்டார். விரல் நீளக் கெண்டைகள் சுற்றி நின்று புழுவை நிதானமாகக் கடித்துத் தின்றுவிட்டுப் போயின. அந்த முள்ளை விழுங்க அவற்றுக்கு வாய் ஏது?

"இப்ப உனக்குக் கை எட்டாது கண்ணு. வர்ற வருசம் வளந்துருவ, அப்பப் பாரு" என்றார். பிள்ளை புழு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உச்சி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஊட்டுக்குப் போலாங்களாப்பா?" என்றாள்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாரம் காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். விறகு ஏற்ற நான் லாரியோடு காட்டுக்குள் நின்றிருந்தேன். காவேரி மேட்டில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் இரண்டு உண்ணிச்செடிக் குச்சி. தையல் நூலைக் கட்டி, குண்டூசியை வளைத்து, அறுந்த செருப்பின் ரப்பரை வெட்டித் தக்கையாக மாட்டியிருந்தாள். இன்னொரு கையில் தேக்சாப் பாத்திரத்தில் ஒரு சின்ன மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"அப்பா, மாட்டிருச்சுங்க! வேலை முடிஞ்சதும் வாங்க. உங்களுக்கும் ஒண்ணு செஞ்சிருக்கறேன்."

கூட வேலை செய்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஏனுங்ணா, சேலத்துத் தூண்டிலு என்னாச்சுங்க?" என்று ஒருத்தன் கேட்டான். கருப்பண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வாங்கி வந்த பொருள் அல்லவா?

"தூக்கிப் போடு அத. நல்லது ஊட்டுல இருக்கையில, குப்பையில பொறுக்குனதக் கொண்டாந்து மானத்த வாங்கற."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதிருப்பாள், அவரும் சமாதானம் செய்திருப்பார். அவள் தன் குச்சியைப் போட்டாள். அவருக்கென்று செய்ததையும் அதன் மேலேயே போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கெல்லாம் ஒரு மனுசனாங்ணா?" என்று கேட்டே விட்டேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு மரம் ஏறினார்.

அடுத்த மே மாதம் வந்தபோது அவரே வலியக் கூப்பிட்டார். "இன்னும் கை எட்டாதுங்கப்பா" என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னாள். அதற்கடுத்த வருஷமும் அதே பதில்.

கை எட்டுகிற வருஷமும் வந்தது. பிள்ளை மளமளவென்று வளர்ந்து அவர் தோளைத் தொட்டுவிட்டாள். ஆனால் தாவணி போட்டுக்கொண்டு வந்தாள், ராசம்மாளும் கூடவே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கருப்பண்ணன் புழுத் தோண்டி வைத்துவிட்டு, "வா சாமி, போலாம்" என்றார். காவேரி எழுந்தாள். எழுந்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நல்லாருக்குது நாயம்! வயசுக்கு வந்த புள்ள குளத்து மேட்டுல கால நீட்டி உக்காந்து மீனு புடிக்கறதா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள் ராசம்மாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எந்த வளர்த்திக்காக அந்த மனிதர் காத்திருந்தாரோ, அதுவே வந்து வழியை மறித்துக்கொண்டது. காவேரி அப்பா முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, "நான் கூட இருக்கறனுங்க, போகட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். ராசம்மாள் ஒன்றும் பொல்லாதவள் இல்லை, முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள்.

"பெரிம்மா சொல்றதும் சரிதான் கண்ணு" என்றார் கருப்பண்ணன். அவள் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள்.

பிறகு ஆத்தூரில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு தரம் புருஷனோடு வருகிறாள். அப்பாவுக்குத் துணி எடுத்து வருகிறாள், சமைத்துப் போடுகிறாள், வீட்டைக் கூட்டி மெழுகிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள். போன மே மாதமும் அப்படித்தான். "ஒரு நா இருந்துட்டுப் போ சாமி" என்று அவர் கெஞ்சினார். "வேல கெடக்குதுங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள்.

பஸ் போன பிறகு இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். மனசு கேட்காமல் நான்தான், "பழசையெல்லாம் நெனச்சுக் கோவமா இருக்குதுங்களா புள்ள?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டிரைவரே" என்றார். "நொம்ப நல்ல புள்ள. அவளுக்கு எங்கூட உக்காந்து பழக்கமில்லீங்க, அவ்வளவுதான்."