அம்மா துலக்கிய கழுகு

என் அப்பா கெரோல்ட், ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். விமானத்தில் ஏறியதே இல்லை. அம்மா மயோர்க்கா தீவுக்கு ஆசைப்பட்டபோது ரயிலிலும் கப்பலிலும் கூட்டிப்போனார். ஆனால் வீட்டில் ஓர் அலமாரி நிறைய, போர்க்கால ஜெர்மன் விமானப்படையினர் சட்டையில் குத்திய பதக்கங்கள் வைத்திருந்தார்.

"நாஜிப் பயலுகளக் கண்டா உங்களுக்கு ஆகாது. அவங்க பதக்கம் மட்டும் எதுக்கு?" என்று அம்மா கேட்பார்.

"பின்னாடி ஊசிய எப்படிப் பத்தவெச்சிருக்கான் பாரு" என்பார் அப்பா. பதில் அவ்வளவுதான். பழம்பொருள் சந்தையில் யாராவது அந்தக் காலத்தைப் புகழத் தொடங்கினால் பெட்டியை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

அவற்றில் ஒன்றுதான் அபூர்வம். பறப்பதை விட்டவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பதக்கம். பாறைமேல் கழுகு, சுற்றிலும் இலை வளையம், கீழே ஸ்வஸ்திகா. ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டினால் எங்கள் நாட்டில் வழக்கு வரும். எல்லாச் சேகரிப்பாளர்களையும் போல அப்பாவும் அந்த இடத்தில் ஒரு நீல ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்.

பதக்கம் சேகரிப்பவர்களின் சங்கத்து நண்பர் ஃபோல்க்மார் மாமா அதைப் பார்த்த அன்றே போலி என்றார். அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம், "கெரோல்ட், உன் கோழி முட்டை போட்டுச்சா?" என்பார்.

நான் உலோகப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சோதித்துவிடலாம் என்றேன்.

"உன் மெஷின் அவன் பக்கம் பேசிட்டா?" என்றார் அப்பா.

மார்ச்சில் அவர் இதயம் நின்றது. அவர் ஏமாந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால், அடக்கம் முடிந்து காபி குடிக்கும் இடத்தில் அவர் படத்தின் பக்கத்தில் அவருடைய சிறந்த பதக்கத்தை வைப்பார்கள். கழுகைக் கேட்டேன். அம்மா கொண்டுவந்தார். புதுக் கரண்டி போல மின்னியது.

"என்னம்மா பண்ணினே?"

"துலக்கினேன். ஊரே வருது. அழுக்கா வெச்சா என்னத்தான் சொல்வாங்க."

பித்தளைக் கதவுக் கைப்பிடிக்குப் போடும் பாலிஷ். சேகரிப்பவர்கள் வெறும் விரலால்கூடத் தொடமாட்டார்கள். போலி செய்கிறவனும் அதே துத்தநாகத்தைத்தான் உருக்குகிறான். வயதைச் சொல்வது மேற்பரப்பு. அது துணியில் ஒட்டி, துணி வாஷிங் மெஷினுக்குப் போயிருந்தது.

காபி நேரத்தில் ஃபோல்க்மார் மாமா மேசைக்கு வந்தார். பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு பண்ணினது இது?"

"நான்தான்" என்றார் அம்மா.

"அடிப் பாவி! இர்ம்ட்ராவ்ட், குண்டு விழுந்தப்பகூட இதுக்கு ஒண்ணும் ஆகலையே! உனக்குத் துலக்க வீட்ல பாத்திரமா இல்ல?"

"கோழிதானே மாமா" என்றேன். "போலியத் தேச்சா உங்களுக்கு என்ன?"

அவர் முகம் சிவந்தது. பின்னல் ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட இல்லையேம்மா" என்றார் கடைசியில். "நானும் ஊர் ஊராத் தேடினேன். அவனுக்கு ஒரு பொத்தான் டப்பாவுல கெடச்சுது. வேற என்னத்தச் சொல்ல?"

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பதக்கத்தை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரை நெம்பினார். அடியில் பழைய சாம்பல் நிறம், ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.

"அந்தச் சனியன நான் தொடவே இல்ல" என்றார் அம்மா.

"பாரு" என்றார் மாமா. "அசல். நூத்துக்கு நூறு."

என் கருவிக்கு அவ்வளவு இடம் போதும். ஆனாலும் பதக்கத்தைச் சோதிக்கக் கொண்டுபோகவில்லை.

பக்கத்து மேசையில் பாதிரியார் எழுந்து எங்கள் பக்கம் வந்தார். மாமா அவசரமாக ஸ்டிக்கரை ஒட்டப் பார்த்தார். பசை காய்ந்துபோயிருந்தது. கீழே விழுந்தது. அந்த இடத்தை வெறும் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். பாதிரியார் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மாமா விரலை எடுக்கவில்லை.