வெண்டைக்காய்த் தண்ணீர்க் குழு

என் அக்காள் கணவர் கமலநாதன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனித உடலைப் பற்றி அவர் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு கழிவறையில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்ததுதான். அந்தப் படிப்பை வைத்து, குகன் என்பவன் அமைத்துக் கொடுக்க, வாட்ஸ்அப்பில் 'வேரே மருந்து' என்று ஒரு குழு தொடங்கினார். கிள்ளான் வட்டாரத்தில் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதிப்பேர் அதில் இருந்தார்கள்.

விடிந்ததும் ஒரு சூரியன் படம் வரும். கூடவே வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரின் மகிமை. அடுத்ததாக, கிளினிக் மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று ஒரு மண்டை ஓட்டுப் படம். பார்த்தவர்கள் எல்லாரும் கைகூப்புவார்கள்.

ஆனால் மனுஷன் தன் மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. கிள்ளானில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்களாம். அதனால் அம்பாங்கில் ஒரு கிளினிக். ஓட்டிப்போக நான் ஒரு இளிச்சவாயன்.

"என்ன மாமா இது, ஊருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா?" என்று கேட்டால், "வெண்டைக்கா தண்ணியும் குடிக்கிறேன்தானே வாசு, இது சும்மா சப்போர்ட்டுக்கு லா" என்பார். இந்த வாய்க்குத்தான் என் அக்காள் முப்பது வருடமாகச் சோறு போடுகிறாள்.

போன மாதம் அம்பாங்கிலிருந்து திரும்பும்போது குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. காப்பாரில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் லோகேஸ்வரி பேசினாள்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரி மாத்திரைய நிறுத்திட்டேன். கால் கட்டை விரல்ல புண்ணு, ஆற மாட்டேங்குது. நீங்க போட்ட வேப்பிலை மஞ்சள்தான் கட்டுறேன். இப்ப கறுத்துப் போச்சு. ஆனா வலியே இல்ல. நல்லதுதானே அண்ணே?"

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. மடியில் மாத்திரைப் பொட்டலம். அதற்குள் நாலு பேர் 'வலி இல்லையா, அப்போ குணமாகிறது' என்று எழுதி, பூங்கொத்துப் படமும் போட்டுவிட்டார்கள்.

அவர் தட்டினார்: 'தங்கச்சி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் மாத்திரைதான் சாப்பிடுகிறேன். எல்லாரிடமும் பொய் சொன்னேன்.' பொட்டலத்தையும் படம் பிடித்துப் போட்டார்.

இன்னொரு அட்மின் குகன் பாய்ந்து வந்தான். 'எல்லாரும் கவனம்! அண்ணன் நம்பரை ஹேக் பண்ணிட்டாங்க. மருந்துக் கம்பெனிக்காரன் வேலை. போன் வந்தா யாரும் எடுக்காதீங்க.' அடுத்த நொடி மாமாவை அவருடைய சொந்தக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டான். ஆறு வருடப் பொய்யை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள், முதல்முறை உண்மை பேசியதும் மோசடி என்று முடிவு கட்டினார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் லோகேஸ்வரியை அழைத்துக்கொண்டே இருந்தார். சொன்னபடி கேட்கிறவள் ஆயிற்றே அவள், எடுக்கவே இல்லை.

"சிரிக்காதடா. கார காப்பாருக்கு விடு."

லோகேஸ்வரி வாசலில் நாற்காலி போட்டு, காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். "வாங்கண்ணே, உங்க போன எவனோ..."

"எவனும் இல்ல. நான்தான்." பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீர்கூட இல்லாமல் ஒரு மாத்திரையை அவள் கண்முன்னே விழுங்கினார்.

அவள் காலை அவர் பக்கம் நகர்த்தினாள். "கட்டச் சொன்னது நீங்கதானே? நீங்களே பிரிங்க."

மாமா மண்டியிட்டுத் துணியைப் பிரித்தார். வந்த நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை. அந்தக் கறுத்த விரலைப் பார்த்து வாய்விட்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு பேருமாக அவளைத் தூக்கிக் காரில் ஏற்றினோம்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் மலாய்க்கார டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டாள். லோகேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான்தான்" என்றார் மாமா, மலாயில்.

"நீங்கள் டாக்டரா?"

"இல்லை. அட்மின்."

அந்த விரலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.