ஃபிரிட்ஜுக்குப் பொருத்திய ஸ்டவ் நிப்பிள்

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது ஒரு வெளிநாட்டு வேனுக்குள். எண்பதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியின் சூளைகளுக்கு நான் பொறுப்பு. ஃபியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் சுடுவோம். தீயின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வேன். மீட்டரும் அதையே காட்டும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இன்றும் உண்டு.

வேனில் வந்தவர்கள் கணவனும் மனைவியும். அந்த அம்மாள் அவர்கள் ஊரில் மண் பாத்திரம் செய்பவர். எங்கள் சூளைகளைப் பார்க்க வந்தவரை, வளாகத்திலேயே தங்கச் சொன்னார் முதலாளி. களிமண் குவியலுக்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் வேனை நிறுத்தினார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தன. வண்டி கணவருடைய அண்ணனிடம் இரவல் வாங்கியது. ஓட்டத் தெரியுமே தவிர, உள்ளே இருப்பவற்றைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் குளிரவில்லை. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை நோய். ஊரிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் முழுவதும் அதற்குள் இருந்தது. வெளியே சித்திரை வெயில். மருந்து கெட்டால் பயணத்தை அதோடு முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் என்றார் கணவர். அடுத்து அவர்கள் போகவிருந்தது கொடைக்கானல். வந்ததிலிருந்து அந்த அம்மாள் மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஐஸ் வாங்கிவரச் செய்து, மருந்தைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தோம். "நான் பார்க்கிறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒரு சிறிய சுடர். மோட்டார் கிடையாது. அந்தச் சூட்டில்தான் குழாய்களுக்குள் இருக்கும் திரவம் கொதித்து, சுற்றி வந்து, பெட்டியைக் குளிர வைக்கிறது. படித்த படிப்பில் அது எனக்குத் தெரியும். சூளை ஆட்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன் சார், கீழ அடுப்பு எரிஞ்சா மேல ஐஸு வருமா?" என்றார் ஒருவர்.

"அப்டின்னா நம்ம சூளைல இந்நேரம் பனிமலையே இருக்கணுமேடா!" என்றார் இன்னொருவர்.

சுடர் எனக்குச் சோம்பலாகத் தெரிந்தது. கேஸைச் சன்னமாகப் பீய்ச்சும் பித்தளை ஜெட்டில் அடைப்பு என்று முடிவு கட்டினேன். பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் எல்லா வீட்டிலும் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஸ்டவ் பின்னை வரவழைத்து, கண்ணுக்கே தெரியாத அந்த ஓட்டையில் குத்தினேன். பித்தளை மிருதுவானது, ஓட்டை அகன்றுவிட்டது. திரும்ப மாட்டிப் பற்றவைத்தால் சுடர் மஞ்சளாக எழுந்து கரியைக் கக்கியது.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். இங்கே கேஸ் சுத்தமில்லை, அதனால் ஜெட் கெட்டுவிட்டது என்றேன். நம்பினார்.

அதற்குப் பிறகு செய்த வேலைக்கு நான் வெட்கப்பட மாட்டேன். பம்ப் ஸ்டவ்வில் ஜெட்டின் வேலையைச் செய்வது நிப்பிள்; கடையில் அதில் ஒரு கைப்பிடி வாங்கி, ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஓட்டை மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் மரை சேரவில்லை. ஜங்ஷன் ரோட்டு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"இன்னா சார் இது, கம்மலுக்குத் திருகாணியா?" என்றார் பட்டறைக்காரர்.

"ஃபிரிட்ஜுக்குண்ணே."

"ஃபிரிட்ஜுக்கு ஸ்டவ் நிப்பிளா! வூட்ல சொல்லிட்டுதான் வந்தீங்களா?"

கேலி பேசிக்கொண்டே, இரண்டையும் இணைக்கும் ஒரு வளையத்தை நான் வரைந்து கொடுத்தபடி கடைந்தார். வெளியே அவர்கள் மரை, உள்ளே நம் மரை. மயிரிழை பிசகினாலும் ஒதுக்கிவிட்டு மறுபடி கடையச் சொன்னேன். பொழுது சாயும் நேரத்தில் மாட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, பற்றவைத்தேன். நீலச் சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. எத்தனையோ சூளை கட்டியிருக்கிறேன். அந்தச் சுடருக்கு இணையாக ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் காலையிலும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. அந்த அம்மாள் ஊர் திரும்பத் துணிமணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அப்போது களிமண் லாரி வந்து ஹாரன் அடித்தது.

"யாருங்க இது, டப்பா வண்டியக் கொண்டாந்து குறுக்க நிறுத்திக்கினு?" என்று கத்தினார் டிரைவர்.

பச்சை மண் பொம்மைகளை உலர்த்தும் சிமெண்ட் தளத்துக்கு வேனை நகர்த்தினார்கள். சாயங்காலத்துக்குள் தட்டில் ஊற்றிவைத்த தண்ணீர் உறைந்துவிட்டது. "வந்துடுச்சி சார், ஐஸு!" என்று ஆட்கள் கூவினார்கள். அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பட்டறைக்காரர் சைக்கிளை மிதித்து வந்து பார்த்துவிட்டு, "என் லேத்து, என் லேத்து" என்றார்.

எல்லோரும் போன பிறகு, ரசமட்டத்தை எடுத்துப்போய் வேன் முதலில் நின்ற இடத்தில் ஒரு பலகை மேல் வைத்தேன். குமிழி ஒரே ஓரத்துக்கு ஓடியது. அங்கே அவ்வளவு சரிவு. மோட்டார் இல்லாத பெட்டியில் திரவம் தானாகத்தான் வழிந்து இறங்க வேண்டும். சாய்ந்து நின்றால் தேங்கிவிடும். முதல் நாளே வேனை நாலு அடி நகர்த்தியிருந்தால் போதும். ஜெட்டில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. நல்ல ஜெட்டைக் கெடுத்தவன் நான்.

மறுநாள் கிளம்பும்போது கணவர் கேட்டார், இனி கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று. சமதரையில் நிறுத்துங்கள் என்று சொன்னால் போதும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். முதலாளி பக்கத்தில் நின்றார். சூளை ஆட்களெல்லாம் சுற்றி நின்றார்கள்.

"ஒன்றுமில்லை. ஜெட் புதிது" என்றேன். அந்த அம்மாள் கையசைத்தார். வேன் மலையைப் பார்த்துப் போயிற்று.

இத்தனை வருஷமாக இந்தக் கதையை ஐஸ் வந்ததோடு நிறுத்தித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் அந்த நிப்பிளைப் புகழ்ந்தார்கள். அது தகுந்த புகழ்தான். அந்தச் சுடர் வழியில் எங்கும் அணைந்திருக்காது. மலைச் சரிவில் எங்கோ நிறுத்திய வேனில் அது நீலமாக, ஆடாமல் எரிந்துகொண்டிருந்திருக்கும். மேலே பெட்டிக்குள் அந்த அம்மாளின் மருந்து சூடேறிக்கொண்டிருந்திருக்கும்.