ஏழு மணிக்குள் ஏழு லெம்பெங்

ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டிய அர்ச்சுனனுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவள் சந்திரமதி. பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன் ரூபேந்திரன். அவனுக்கு மூன்று வயதாகும்போதே தாய்க்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றைக்குப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போன சந்திரமதிக்கு வயது பதினாலு. பிறகு குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தம்பி படிக்கட்டும், தம்பி நிமிரட்டும் என்று அவளுடைய கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் அது நின்றே போனது.

அர்ச்சுனனுக்குக் காலையில் லெம்பெங் வேண்டும். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் உப்பும் போட்டுக் கலந்து, வாழையிலைத் துண்டின்மேல் ஊற்றி, மூடி வைத்துச் சுடுகிற தடித்த தோசை அது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களைப் பார்த்துத் தோட்டத்து வீடுகளுக்கும் வந்த பழக்கம். ஏழு மணிக்கு லாரியை எடுக்கும் முன்னால் மனிதர் அதைச் சுடச்சுடத் தின்றாக வேண்டும். பதினாலு வயதிலிருந்து அதைச் சுட்டவள் சந்திரமதிதான்.

இப்படி வளர்த்த தம்பி, முப்பத்தொரு வயதில், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரவீனாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றான். சந்திரமதி சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் நான் கை நனைக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஏழு வருஷமாக நனைக்கவும் இல்லை. அப்பாவுக்குக் கால் விழுந்து, தம்பி அவரை ஸ்கூடாயில் தன் வீட்டுக்கு அழைத்துப் போன பிறகு, மாதம் இரண்டு முறை பார்க்க வருவாள். வரும்போதே ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் பையில் இருக்கும். பிரவீனா ஒவ்வொரு முறையும் ஒரு தட்டில் சோறு போட்டு வைப்பாள். ஒவ்வொரு முறையும் அது தொடாமலே கிடக்க, அவளே எடுத்துப் போவாள். மாமனாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசி மூச்சு வரைக்கும் பார்த்தவளும் அவள்தான். சந்திரமதிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை எடுக்க ஒரு வழி வேண்டுமே.

அந்த வழி அப்பாவின் முதல் திவசத்தில் வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். இறந்தவருக்குப் பிடித்ததை, உயிரோடு இருந்தபோது அவர் எந்த நேரத்தில் சாப்பிட்டாரோ அந்த நேரத்திலேயே படைக்க வேண்டும். சந்திரமதி போன் போட்டுச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். ஏழு மணிக்குள் ஏழு லெம்பெங் அப்பா படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். மருமகள் கையால் சுட்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால் மத்தியானம் நானும் இலையில் உட்காருகிறேன்.

பிரவீனாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே அது வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது.

"அண்ணி, வெள்ளிக்கிழமை இப்ப ஸ்கூல் இருக்கு. லீவு மாறிடுச்சு."

ஜொகூரில் பத்து வருஷத்துக்கு மேலாக வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அந்த வருஷம் பிறந்ததும்தான் அதைச் சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். சந்திரமதியின் தொழிற்சாலைக்கு எந்தக் காலத்திலும் ஞாயிறுதான் ஓய்வு. அவள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இல்லை. ஆகவே அவள் கணக்கில் வெள்ளி இன்னும் ஊர் ஓய்கிற நாளாகவே இருந்தது. தவறு என்று தெரிந்தபோது, உலு திராமில் இருக்கும் தாய்மாமன் ஜெயசங்கர் முதற்கொண்டு எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். இதில் இன்னொன்று, பிரவீனா பள்ளி வேன் ஓட்டுகிறவள். புதுத் தவணை திறந்த முதல் வாரம் வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்று அவள் கேட்டதை, செய்ய மனமில்லாதவள் சொல்லும் சாக்கு என்றுதான் சந்திரமதி எடுத்துக்கொண்டாள். மாமன் போன் போட்டு, மாமனாருக்கு ஒரு நாள் வேனை நிறுத்தினால் என்ன என்று கேட்டார். மாமி போட்டுக் கேட்டாள். ரூபேந்திரனே, அக்கா வருவதே பெரிது, எப்படியாவது செய்துவிடு என்று கெஞ்சினான். செய்கிறேன் என்றாள் பிரவீனா.

வெள்ளி விடியற்காலை சிங்கப்பூர் வேலைக்கு ரூபேந்திரன் கிளம்பிப் போய்விட்டான். அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. வீட்டில் இரண்டு பெண்கள்தான். முந்தின நாளே வந்து தங்கிய சந்திரமதி, தான் கொண்டுவந்த ரொட்டியைத் தின்று முடித்து, அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரெங்கத்திலிருந்து பழைய இரும்புத் தோசைக்கல்லையும் தூக்கி வந்திருந்தாள். அப்பாவுக்குச் சுட்ட கல். அதில்தான் ஊற்ற வேண்டும்.

அந்தக் கல் விறகடுப்பில் பழகினது. கேஸ் அடுப்பில் நடு மட்டும் சூடேறி முதல் இலையே கருகிப்போனது. பிரவீனா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தீயைத் தணித்து, கல்லை நிமிஷத்துக்கு ஒரு தரம் திருப்பித் திருப்பிச் சுட்டாள். ஒவ்வொன்றும் வேக எட்டு நிமிஷம். அவசரப்பட்டால் உள்ளே மாவாக நிற்கும். நாலாவது நன்றாக வெந்து இறங்கும்போது மணி ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். பிரவீனா அடுப்பை அணைத்தாள்.

சந்திரமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னும் மூணுதானே இருக்கு. பிள்ளைங்க கொஞ்ச நேரம் நின்னா என்ன, காலா உடைஞ்சிடும்?"

"நிக்கமாட்டாங்க அண்ணி." பிரவீனா கையைத் துடைத்தபடி சொன்னாள். "வந்து மிச்சத்தைச் சுடுறேன். நேரமாயிடுச்சுன்னு நீங்க சாப்பிடாம போனாலும் பரவால்ல. என்மேல கோபப்படுங்க. ஆனா இப்ப நான் போகணும்."

ஏழு வருஷத்தில் அவள் எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அது. வாசல் வரைக்கும் போன பிரவீனா திரும்பி வந்தாள். வேன் கதவுக்கு ஒரு ஆள் வேண்டும். வழக்கமாக வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கதவைத் திறந்துவிடும். நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டாள். கை நனைக்காத வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது? சந்திரமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறினாள்.

முதல் நாலு வீடுகளில் பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். ஐந்தாவது வீடு இருட்டாக இருந்தது. பிரவீனா வேனை நிறுத்தி, சாவிக்கொத்தில் ஒரு சாவியைத் தேடி எடுத்து, இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனாள். சந்திரமதிக்குப் புரியவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவி இவளிடம் எப்படி வந்தது? பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய பையன் ஜீவன்தான் சொன்னான். அப்பாவும் அம்மாவும் நாலு மணிக்கே கிளம்பி, பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் லோஷினியும் அவள் அண்ணனும் மட்டும்தான் தூங்குவார்கள். வேன் ஆண்ட்டி வந்துதான் எழுப்ப வேண்டும்.

ஆறு நிமிஷம் கூட ஆகியிருக்காது. உள்ளே விளக்கு எரிந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு பிரவீனா இடுப்பில் லோஷினியோடும், கையில் இரண்டு பள்ளிப்பையோடும் வந்தாள். பள்ளிச் சீருடையான நீலப் பினபோர் நேராக இருந்தது. இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டியிருந்தது. அண்ணன்காரன் சப்பாத்து மாட்டிக்கொண்டே ஓடி வந்தான். பிரவீனா கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, போனில் யாருக்கோ ஒரு படம் எடுத்து அனுப்பினாள். பாலத்தில் நிற்கும் தாய்க்காரிக்கு, பிள்ளை ஏறிவிட்டாள் என்று. அந்தப் படம் போய்ச் சேராமல் அந்தத் தாய் மெஷின் முன்னால் போய் நிற்கமாட்டாளாம்.

அப்படி ஐந்து வீட்டுச் சாவி அந்தக் கொத்தில் இருந்தது. ஐந்து வீட்டுக்குள்ளும் அவள் போனாள். எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எவன் பல் விளக்காமலே விளக்கினேன் என்பான், எவள் இரவெல்லாம் இருமினாள் என்று அவளுக்கு மனப்பாடம். சந்திரமதி சறுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். தோட்டத்தில் அவளும் இப்படித்தான். அப்பா கிளம்பினதும் மூன்று வயதுத் தம்பியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவாள். பாடம் நடக்கும்போது அவள் காதில் அந்த அழுகைதான் கேட்கும். பூட்டின கதவைத் திறந்து அவனைத் தூக்க ஒருத்தரும் வந்ததில்லை. அப்படி வர ஒரு ஆள் உலகத்தில் இருக்க முடியும் என்றே அவள் நினைத்ததில்லை. இங்கே ஒருத்தி, மாவு காயாத கையோடு, விடிவதற்குள் ஐந்து கதவைத் திறக்கிறாள்.

கடைசிப் பிள்ளை ஏறியதும் பதினேழு தலை எண்ணினாள் பிரவீனா. பெரிய ரோட்டில் கார்கள் அசையாமல் நின்றன. ஸ்கூடாய் ஜேம். வேன் முன்கண்ணாடிக்குக் கீழே மணி ஏழு என்று பச்சையாக எரிந்தது. அதை இருவருமே பார்த்தார்கள். பிரவீனாவின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின. ஆனாலும் அவள் ஹாரன் அடிக்கவில்லை, குறுக்கே நுழையவில்லை. சந்திரமதியின் மடியில் தலை வைத்து லோஷினி மறுபடியும் தூங்கிப்போயிருந்தாள். அந்தப் பாரம் அசைந்துவிடக் கூடாது என்று சந்திரமதி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

ஏழு இருபதுக்குப் பள்ளி வாசல். பதினேழு பேரும் இறங்கி உள்ளே போனார்கள்.

வீடு திரும்பியதும் பிரவீனா நேரே அடுப்புக்குப் போனாள். மாவு இறுகியிருந்தது. சந்திரமதி அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். மருமகள் கையால் என்று சொன்ன அதே வாயால், நீ போய் முகம் கழுவி ஒரு வாய் காப்பி குடி என்றாள். மீதி மூன்றையும் அவளே ஊற்றினாள். எட்டரை மணிக்கு ஏழு லெம்பெங்கும் அப்பா படத்துக்கு முன்னால் போனது.

மத்தியானம் உறவுக்காரர்கள் வந்தார்கள். ரூபேந்திரனும் வந்து, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டான். இலை போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பன்னிரண்டு மணிக்கே பிரவீனா மறுபடியும் வேனை எடுத்துப் போயிருந்தாள். மத்தியானப் பள்ளிப் பிள்ளைகளை விட வேண்டும், காலைப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும். தாய்மாமன் ஜெயசங்கர் பசி தாங்காதவர். ஒரு மணிக்கு அவர் நாற்காலியை நகர்த்தத் தொடங்கினார்.

"அலமாக், மாமனார் திவசத்துல மருமகளைக் காணோம். நாம சாப்பிடலாம்லா, அவ வந்து சாப்பிட்டுக்கட்டும்."

ரூபேந்திரன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். காலையில் ஏழு மணி தவறிய விஷயம் அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று அவன் வந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரமதி இலைக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அவ வர்ற வரைக்கும் யாரும் இலையில உக்கார வேணாம் மாமா. அங்க வாசல்ல பிள்ளைங்க நிக்குது. அப்பாவே இருந்தாலும் காத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு."

மாமன் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமி மட்டும், அந்த வேனில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டுவிட்டாள். சந்திரமதி சொன்னாள். ஐந்து சாவியைச் சொன்னாள், ரிப்பனைச் சொன்னாள், பாலத்தில் நின்று படத்துக்குக் காத்திருக்கும் தாய்மாரைச் சொன்னாள். ரூபேந்திரனுக்கே அதில் பாதி புதிது. அவன் நாலு மணிக்குப் போகிறவன்தானே, விடிந்தபின் தன் பெண்டாட்டி எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்று எங்கே கண்டான்?

இரண்டு மணிக்கு வேன் சத்தம் கேட்டது. வியர்வையோடு உள்ளே வந்த பிரவீனா, ஒருவரும் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள். நேரம் தவறியதற்குத்தான் இந்தப் பட்டினி என்று நினைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் சந்திரமதி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்து, அவளுக்கு முதல் இலை போட்டு, பக்கத்திலேயே தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டாள்.

பிரவீனாவுக்குப் பசி. நாலு வாய் வேகமாகப் போன பிறகுதான் பக்கத்து இலையைக் கவனித்தாள். சந்திரமதி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிரவீனாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சாப்பிடும்மா," என்றாள் சந்திரமதி, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணி."

"சரி. கதவுக்கு நான் வர்றேன்."